தொலைநகரங்களின் பெயரில் இரண்டு ஊர்கள்: அயோத்தியாப்பட்டணமும் பால்டாக்கும்

சேலத்திலிருந்து ஆத்தூர் சாலையில் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் போனால் அயோத்தியாப்பட்டணம் வருகிறது. லண்டனிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பால்டாக் வருகிறது. முன்னது, வடக்கே சேர்வராயன் மலையும் தெற்கே ஜருகுமலையும் காவல் நிற்கும் சமவெளி ஊர். பின்னது, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் அமைந்த சிறிய சந்தையூர். மொழியிலும் மதத்திலும் மண்ணிலும் மழையிலும் ஒட்டுறவு இல்லாத இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரே காரணம்தான் உண்டு. இரண்டும் தொலைவில் உள்ள வேறொரு மாநகரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சரயு நதிக்கரையின் அயோத்தி சேலத்துச் சமவெளிக்கு வந்திருக்கிறது. டைக்ரிஸ் நதிக்கரையின் பாக்தாத் இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. ஆம், பால்டாக் என்ற பெயர் பாக்தாத்தான்.

முதலில் பால்டாக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆண்டுக் கணக்கு இருப்பதால் சொல்வது எளிது. இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் வில்லியம் 1086இல் தம் நாட்டின் நிலங்களையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். டூம்ஸ்டே ஏடு என்று பெயர் பெற்ற அந்தக் கணக்கில் வெஸ்டன் என்ற பண்ணையூர் இருக்கிறது, பால்டாக் இல்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுக்குள் நிலைமை மாறியது. வெஸ்டனை வைத்திருந்த பெம்புரோக் பிரபு கில்பர்ட் டி கிளேர் அதிலிருந்து ஒரு துண்டு நிலத்தை டெம்ப்ளர் சபைக்குக் கொடையாகக் கொடுத்தார். அவர் இறந்தது 1148இல். ஆகவே கொடை அதற்கு முந்தியது. டெம்ப்ளர்கள் எருசலேமில் சிலுவைப் போர்க் காலத்தில் தோன்றிய சபையினர். துறவும் அவர்களுக்கு உண்டு, வாளும் உண்டு. கொடையாகக் கிடைத்த நிலத்தில் அவர்கள் ஒரு சந்தை நகரத்தை வகுத்தார்கள். அகன்ற தெரு, தெருவின் இருபுறமும் மனைகள், கூடிக் கொள்ள இடம். அந்தப் புது ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் பால்டாக்.

அக்காலப் பிரெஞ்சு வழக்கில் பாக்தாத்துக்குப் பால்டாக் என்றே பெயர். அந்த நகரத்திலிருந்து வந்த பட்டு விதானத்துணியையும் இத்தாலியர் அந்தப் பெயரை ஒட்டியே அழைத்தார்கள். அப்பாசியக் கலீபாக்களின் தலைநகரமாக 762இல் எழுந்த பாக்தாத் செல்வத்துக்கும் சந்தைக்கும் உலகப் பெயர் பெற்றிருந்தது. டெம்ப்ளர் வீரர்கள் அதை வென்றதில்லை. ஆனால் கிழக்கே போய் வந்த ஒவ்வொருவரும் அதன் செழிப்பைக் கேள்விப்பட்டிருப்பார்கள். தாங்கள் தொடங்கிய சந்தை அப்படிச் செழிக்க வேண்டும் என்ற ஆசையே பெயராகியிருக்க வேண்டும் என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எதிரியின் தலைநகரப் பெயரை வேண்டுதலோடு தம் ஊருக்குச் சூட்டிய அந்த மனம் எனக்கு வியப்பளிக்கிறது. டெம்ப்ளர் சபை 1312இல் கலைக்கப்பட்டது. ஊர் வேறொரு சபையின் கைக்கு மாறியது. பெயர் மட்டும் நின்றது.

நின்றதே தவிர, பொருள் மறந்துபோனது. காதுக்கு அந்நியமான சொல்லை மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லாக்கிக் கொள்வது எங்கும் நடப்பது. பால்டாக் என்பதை ஆங்கிலக் காது 'பால்ட்', 'ஓக்' என்று இரண்டாகப் பிரித்தது. மொட்டையாய்ப் பட்டுப்போன ஓக் மரம் ஒன்று அங்கே நின்றதாகவும் அதனால் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததாகவும் ஒரு விளக்கம் பிறந்தது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1661 ஆகஸ்டில் அங்கே ஓர் இரவு தங்கினார். ஊரின் தேவாலயத்தைப் பார்த்து மெச்சிய அவர், ஊர்ப்பெயரைப் பால்ட்விக் என்று எழுதி வைத்தார். 'விக்' என்ற ஈறு இங்கிலாந்து ஊர்களில் பரவலாக உள்ளது. தெரியாத முடிவுக்குத் தெரிந்த முடிவை அவர் கை தானாகப் போட்டுவிட்டது.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சேலம் என்ற பெயரே போதும். மலையைக் குறிக்கும் சைலம் என்பதிலிருந்து வந்தது என்பார் ஒருவர். சேரர் தொடர்பால் சேரலம் சேலமானது என்பார் இன்னொருவர். நெசவு ஊர் ஆயிற்றே, சேலையிலிருந்து சேலம் வந்தது என்று சொல்பவரையும் கேட்டிருக்கிறேன். பைபிளில் வரும் சாலேமுக்கும் சேலத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து என்பதால் அங்கே முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. அந்த முடிச்சுக்கு எழுத்து ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பெயர் விளங்காதபோது மனிதர் சும்மா இருப்பதில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் இந்தக் குழப்பமே எழவில்லை. அந்தப் பெயர் எல்லாருக்கும் விளங்குகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் ராமர் ஊர் என்று சொல்லிவிடும். நான் இந்த ஒப்பீட்டில் சொல்ல வரும் முக்கியமான கருத்து இதில்தான் இருக்கிறது. விளங்காத பெயர் ஆராய்ச்சிக்கு அழைக்கிறது. விளங்கும் பெயர் கேள்வியை அடக்கிவிடுகிறது. பால்டாக்கைப் பற்றி ஆங்கிலேயர் தோண்டித் துருவியதற்கு அந்தப் பெயர் புரியாமல் போனதும் ஒரு காரணம். அயோத்தியாப்பட்டணத்தின் பெயர் எப்போது, யாரால், எந்தச் சூழலில் வந்தது என்று நாம் அழுத்திக் கேட்காமல் விட்டதற்கு அந்தப் பெயர் மிகத் தெளிவாக இருப்பதே காரணம்.

சுற்றுப்புறத்தை ஒரு சுற்றுப் பார்த்தால் இந்தப் பெயர் எவ்வளவு தனித்து நிற்கிறது என்பது தெரியும். சேலத்திலிருந்து வரும் வழியில் உடையாப்பட்டி, மாசிநாயக்கன்பட்டி. தாண்டிப் போனால் மின்னாம்பள்ளி, காரிப்பட்டி, அப்பால் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம். பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் அடைப்பிலிருந்து ஊருக்கு ஏறிய சொல். பாடியிலும் ஆயர் வாழ்வின் வாடை உண்டு. பள்ளி சிற்றூரையும் குறிக்கும், சமண பௌத்தத் துறவியர் இருக்கையையும் குறிக்கும். நாயக்கன்பட்டியும் பாளையமும் விசயநகர, நாயக்கர் காலத்து அடுக்கு. பெத்தநாயக்கனில் உள்ள 'பெத்த' பெரிய என்ற பொருள் தரும் தெலுங்கு. ஆக, ஒரே சாலையில் மேய்ப்பரும் துறவியரும் தெலுங்குத் தலைவரும் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் நடுவே திடீரென்று வடநாட்டுத் தலைநகரம் ஒன்று, பட்டணம் என்ற பட்டத்தோடு.

பால்டாக்கைச் சுற்றியும் இதே காட்சிதான். வெஸ்டன் என்றால் மேற்குப் பண்ணை, நார்ட்டன் என்றால் வடக்குப் பண்ணை. அஷ்வெல் ஆஷ் மரங்கள் சூழ்ந்த ஊற்று. ஹின்க்ஸ்வொர்த்தின் பொருள் குதிரைகளை அடைக்கும் அடைப்பு. நம் ஊராயிருந்தால் குதிரைப்பட்டி என்று பெயர் வைத்திருப்பார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1936 முதல் சில ஆண்டுகள் குடியிருந்த வாலிங்டனும் பக்கத்தில்தான். அதன் பெயரில் ஒரு பழங்கால மனிதனின் பெயர் ஒளிந்திருக்கிறது. உழவும் மரமும் ஊற்றும் குதிரையுமாக இருந்த பெயர்களுக்கு இடையே பாக்தாத் வந்து உட்கார்ந்திருக்கிறது. மண்ணிலிருந்து முளைத்த பெயர்களுக்கும் மேலிருந்து இறங்கிய பெயருக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு இடத்திலும் காதாலேயே கேட்டுணரலாம்.

அயோத்தியாப்பட்டணத்துப் பெயரின் மையம் அங்குள்ள கோதண்டராமர் கோயில். தலவரலாறு சொல்வது இது: இலங்கையில் ராவணனை வென்று, சீதையோடும் பரிவாரத்தோடும் ராமர் திரும்பிவரும் வழியில் இங்கே தங்கினார். முடிசூட்டுக்குக் குறித்த வேளை நெருங்கிவிட்டது. அயோத்தி இன்னும் தொலைவில் இருந்தது. அதனால் இங்கேயே பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி கொடுத்துவிட்டு, பிறகு அயோத்திக்குப் புறப்பட்டார். அயோத்தியில் நடக்க வேண்டியது இங்கே நடந்ததால் இந்த ஊரும் அயோத்தியானது. கோயிலில் ராமர் இன்றும் பட்டாபிஷேகக் கோலத்தில்தான் வழிபடப்படுகிறார். கோயிலின் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பார்க்கவே தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவை நாயக்கர் காலப் பாணியில் அமைந்தவை. கல்லில் செய்த வேலை என்பதை ஒரு கணம் மறக்கச் செய்யும் நுட்பம் அவற்றில் இருக்கிறது.

இந்தத் தலவரலாற்றைக் கட்டுக்கதை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ராமர் வந்தாரா என்று கேட்பது வரலாற்றாசிரியர் வேலை அல்ல. இந்த ஊரைப் பற்றி இந்தக் கதை ஏன் எழுந்தது என்று கேட்பதே அவர் வேலை. கதை முழுக்க முழுக்க ஒரு பயணத்தைப் பற்றியது. வழியில் நேரமாகிவிடுகிறது, தங்க நேர்கிறது, தங்கிய இடத்திலேயே காரியம் நடக்கிறது. அயோத்தியாப்பட்டணம் அமைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சேலத்திலிருந்து வரும் சாலை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்கே ஆத்தூர் வழியாகக் கடலோர மாவட்டங்களை நோக்கிப் போகிறது. இன்று அது சேலம்–உளுந்தூர்ப்பேட்டை தேசிய நெடுஞ்சாலை. மற்றது வடகிழக்கே திரும்பி மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு ஏறுகிறது. சேலத்துச் சமவெளியையும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலையும் இணைத்த பழைய வழிகளில் மஞ்சவாடிக் கணவாய் ஒன்று. கணவாய்ப் பக்கமிருந்து இறங்கி வருபவரும் ஆத்தூர்ப் பக்கமிருந்து வருபவரும் சேலத்துக்குள் நுழையுமுன் கூடுகிற முனை இது. மாட்டுவண்டிக் காலத்தில் இப்படிப்பட்ட முனையில் தங்காமல் யாரும் போயிருக்க மாட்டார்கள். தங்கல் ஊரைப் பற்றித் தங்கிய கதை எழுவது இயல்பு. கதை பக்திக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், ஊரின் தொழில் என்ன என்பதையும் அது நமக்குச் சொல்லிவிடுகிறது.

பால்டாக்கும் சாலை முனையில்தான் இருக்கிறது. லண்டனிலிருந்து யார்க்குக்கும் எடின்பரோவுக்கும் போன வடக்குப் பெருஞ்சாலை ஒருபுறம். சுண்ணாம்பு மேட்டை ஒட்டி வரலாற்றுக்கு முந்திய காலத்திலிருந்தே ஆள் நடமாடிய இக்னீல்டு வழி மறுபுறம். இரண்டும் குறுக்கிடும் இடத்தை டெம்ப்ளர்கள் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. அங்கே நூற்றாண்டுகளாக வழிப்போக்கர் விடுதிகளும் குதிரை மாற்றும் இடங்களும் செழித்தன. பெப்பிஸ் தங்கியதும் அப்படி ஒரு விடுதியில்தான். 1850இல் ரயில் வந்தது. 1967இல் வேகச்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போனபோது பெருஞ்சாலையின் இரைச்சல் ஊரை விட்டு விலகியது. நம் அயோத்தியாப்பட்டணத்துக்கும் சேலம்–விருத்தாசலம் தடத்தில் ரயில் நிலையம் உண்டு. ஆத்தூர், அரூர்ப் பேருந்துகள் நின்று ஆளேற்றும் ஊராக அது இன்றும் தன் பழைய தொழிலைத் தொடர்கிறது.

பட்டணம் என்ற பின்பாதியையும் இந்தச் சாலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இலக்கண வழக்கில் பட்டினம் கடற்கரை நகரம்: காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம். பட்டணம் பொதுவாக நகரம். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இரண்டும் கலந்தே வருகின்றன. அயோத்தியாப்பட்டணத்துப் பெயர்ப்பலகைகளிலும் இரண்டையும் பார்க்கலாம். கடலே இல்லாத இடத்தில் பட்டினம் எப்படி என்று கேட்பவருக்கு இடைக்காலக் கல்வெட்டுகளில் விடை இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற பெரு வணிகக் குழுவினர், தங்கள் காவல் வீரரைப் போற்றி, உள்நாட்டு வணிக ஊர்களை எறிவீரபட்டினம் என்று அறிவித்தார்கள். வணிகரும் காவலரும் கூடுகிற உள்நாட்டு ஊருக்கும் பட்டினம் என்ற தகுதி உண்டு என்பது இதனால் தெளிவாகிறது. ராசிபுரத்துக்கு அருகே வெறும் பட்டணம் என்ற பெயரிலேயே ஒரு பேரூர் இருக்கிறது; அங்கும் கடல் இல்லை. அயோத்தி என்ற முன்பாதி பக்தியைச் சொன்னால், பட்டணம் என்ற பின்பாதி வணிகத்தைச் சொல்கிறது. பால்டாக்கில் ஒரே சொல்லுக்குள் மடங்கிக் கிடக்கும் சந்தை ஆசை இங்கே தனிச் சொல்லாக வெளியே நிற்கிறது.

பெயர் எப்போது வந்தது? என் முடிவைச் சொல்கிறேன். நாயக்கர் பாணித் தூண்கள் உள்ள கோயில் மண்டபத்தின் காலத்தை ஒட்டித்தான் பெயரும் நிலைபெற்றிருக்க வேண்டும். ராமர் தமிழ்நாட்டில் ஆழ்வார் காலத்திலிருந்தே பாடப்பட்டவர். கம்பருக்குப் பின் அவரைத் தெரியாத வீடு இல்லை. என்றாலும் ராமரை முடிசூடிய அரசராக மூலஸ்தானத்தில் வைத்துப் பெரிய கோயில் எழுப்பும் வழக்கம் விசயநகரத்தோடும் நாயக்கரோடும்தான் வலுப்பெற்றது. விசயநகரத் தலைநகரான ஹம்பியில் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே 15ஆம் நூற்றாண்டில் ஹசார ராமர் கோயில் எழுந்தது. கும்பகோணத்தில் ராமசாமி கோயிலைத் தஞ்சை நாயக்கர் ரகுநாதர் 17ஆம் நூற்றாண்டில் எடுப்பித்தார். அங்கும் பட்டாபிஷேகக் கோலம், அங்கும் சிற்பத் தூண்கள், அதற்கும் தென்னக அயோத்தி என்ற சிறப்புப் பெயர் உண்டு. அரசர்கள் தங்கள் முடியை ராமரின் முடியோடு சேர்த்துப் பார்த்த காலம் அது. பெத்தநாயக்கன்பாளையமும் மாசிநாயக்கன்பட்டியும் தந்த அதே அரசியல் அடுக்கிலிருந்து அயோத்தியும் வந்தது என்று கொள்வதே பொருத்தம். கும்பகோணம் பழம்பெரும் நகரம். ராமர் வந்ததால் அது தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சேலத்துக்குக் கிழக்கே இருந்த சாலை முனையோ ராமருடைய பெயரிலேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. எளிய ஊருக்குக் கோயில் கொடுத்த பரிசு என்று இதைச் சொல்லலாம்.

இந்த வகையில் நம் ஊருக்குப் பெரிய உறவினர் கூட்டமே இருக்கிறது. சயாமில் 1351இல் நிறுவப்பட்டு 1767இல் பர்மியப் படையால் அழிந்த அயுத்தயா, ஜாவாவில் 1755இல் தோன்றிய யோக்யகர்த்தா இரண்டும் அயோத்தியின் பெயரால் எழுந்த தலைநகரங்கள். நம் நாட்டிலேயே காசியின் பெயரைத் தென்காசி பெற்றது. அதை நிறுவிய பாண்டியன் பராக்கிரமன் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன் என்பது கல்வெட்டால் தெரியும். தென்காசி, ஊரை நிறுவியவரே இட்ட பெயர் என்ற அளவில் பால்டாக்குக்கு நெருங்கியது. அயோத்தியாப்பட்டணம் கோயிலும் சாலையும் மக்களும் சேர்ந்து நிலைநிறுத்திய பெயர். இந்த வேறுபாடு சிறியதல்ல. நிறுவியவர் மறைந்தால் பால்டாக் போன்ற பெயரின் பொருளும் மறைந்துவிடுகிறது. வழிபாடு தொடரும்வரை அயோத்தியாப்பட்டணத்தின் பொருள் ஒவ்வொரு ராமநவமிக்கும் புதுப்பிக்கப்படுகிறது. பால்டாக்கின் தேவாலயத்தில் பாக்தாத்தை நினைவூட்ட எதுவும் நடப்பதில்லை. இந்த ஒன்றில் நம் ஊர் அந்த ஊரைவிடப் பேறு பெற்றது.

ஆனால் சான்றுகளைப் பேணுவதில் அவர்கள் நம்மைவிட வெகுதூரம் முன்னே போயிருக்கிறார்கள். 1923இல் இங்கிலாந்தில் ஊர்ப்பெயர் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. மாவட்டம் மாவட்டமாக ஊர், தெரு, வயல், ஓடை என்று எல்லாப் பெயரையும் தொகுப்பது அதன் வேலை. ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கான தொகுதி 1938இல் வந்துவிட்டது. இன்னும் புதுத் தொகுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தத் தொகுதிகளின் முறை மிக எளிது, மிகக் கண்டிப்பானது. ஒரு பெயருக்குப் பொருள் சொல்வதற்கு முன், அது எந்தெந்த ஆண்டில் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டது என்பதை வரிசையாக அடுக்க வேண்டும். மிகப் பழைய எழுத்துருவை வைத்தே பொருள் தீர்மானிக்கப்படும். பட்டுப்போன ஓக் மரம் இந்த முறையில்தான் வீழ்ந்தது. 12ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் பாக்தாத்தின் பிரெஞ்சு வடிவத்தையே காட்டின. மரத்துக்கு அங்கே இடமில்லை.

நமக்கு இந்த முறை அந்நியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கல்வெட்டுகள் ஓர் ஊரைக் குறிப்பிடும்போது மண்டலம், நாடு, ஊர் என்று முழு முகவரியோடு குறிப்பிடுகின்றன. டூம்ஸ்டே ஏட்டுக்கு நிகரான செல்வம் அது. பல இடங்களில் அதைவிடப் பழமையானது. நாமக்கல் மலைக் குடைவரையைக் குடைவித்த அதியர் குலத்தவன் அதற்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயரிட்டதை அங்குள்ள கல்லெழுத்தே சொல்கிறது. அயோத்தியாப்பட்டணம் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் தலைவாசலுக்கு அருகே ஆறகழூர் இருக்கிறது. வாணகோவரையர் ஆண்ட மகதை மண்டலத்தின் தலைநகரம் அது. இன்று ஆறகளூர் என்று ளகரத்தில் எழுதுவதால் பொருள் மங்கிவிட்டது. ழகரத்தோடு எழுதிய பழைய வடிவத்தில் அகழ் என்ற சொல் பளிச்சென்று தெரிகிறது. அகழி சூழ்ந்த ஊர் அது. ஓர் எழுத்தைக் காப்பாற்றினால் ஒரு கோட்டையின் வடிவம் கிடைக்கிறது. ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதித் தமிழ் வாசகருக்கு இந்தச் சுவையைக் காட்டினார். அவருக்குப் பின் பல்கலைக்கழகங்களில் ஊர்ப்பெயர் ஆய்வேடுகள் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றில் பல, பெயர்களை மரம், நீர்நிலை, தெய்வம், சாதி என்று வகை பிரிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வகை பிரிப்பது தொடக்கம் மட்டுமே. ஆண்டு வரிசை இல்லாமல் வரலாறு இல்லை.

சேலம் மாவட்டத்துக்கு அந்த ஆண்டு வரிசையை எழுப்பப் பொருள் நிறைய உண்டு. 1792இல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் கிராமம் கிராமமாக நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். பாராமகால் ஆவணங்கள் அந்த வேலையின் விளைவு. கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய, கைபீதுகள் எனப்படும் ஊர் வரலாற்றுக் குறிப்புகள் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. 1858இல் தொடங்கிய இனாம் ஆணையம் கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் விடப்பட்ட மானிய நிலங்களை ஆராய்ந்து பதிவேடு எழுதியது. ஆங்கிலேய அதிகாரிகளான லெ ஃபானு 1883இல் சேலம் மாவட்டக் கையேட்டையும் ரிச்சர்ட்ஸ் 1918இல் மாவட்ட விவரச்சுவடியையும் வெளியிட்டார்கள். இவற்றோடு கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேடு, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரங்கள், வயல்களுக்கு மக்கள் வழங்கும் பெயர்கள். ஒரு வயலை மேட்டுக்காடு என்றும் இன்னொன்றைச் சத்திரத்துக்காடு என்றும் அழைப்பதற்குக் காரணம் இருக்கும். புல எண் மட்டுமே மிஞ்சினால் அந்தக் காரணம் ஒரு தலைமுறையில் போய்விடும்.

பால்டாக்கில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெம்ப்ளர்கள் வருமுன் அந்த இடம் வெறும் தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. 20ஆம் நூற்றாண்டு அகழாய்வுகளில், இன்றைய ஊரை ஒட்டிக் கிழக்கே, இரும்புக் காலத்தில் தொடங்கி ரோமானியர் காலம் முழுதும் வாழ்ந்த ஒரு பேரூர் வெளிப்பட்டது. சாலைகளும் வீடுகளும் கல்லறைகளும் கிடைத்தன. அந்த ரோமானிய ஊரின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் எஞ்சவில்லை. 2002இல் அஷ்வெல்லுக்கு அருகே ஒரு வயலில் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த காணிக்கைத் தகடுகள் புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தபோது செனுனா என்ற தெய்வத்தின் பெயர் வெளிவந்தது. அந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் வழிபடப்பட்ட பெண் தெய்வம் அவள். அவளுடைய வழிபாட்டை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தகடுகள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் மறந்துபோன ஒரு பெயரைக்கூட மண் திருப்பித் தந்திருக்கிறது.

அயோத்தி என்ற பெயர் வருமுன் நம் சாலை முனைக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கணவாயிலிருந்து இறங்கியவர்கள் அதை ஏதோ ஒரு பட்டியாகவோ பாடியாகவோ பள்ளியாகவோ அழைத்திருப்பார்கள். அந்தப் பெயரைத் தேடுவது ராமருக்குச் செய்யும் குறை அல்ல. கோயிலை எழுப்பியவர்கள் எந்த ஊரின் மீது அன்பு கொண்டு அயோத்தி என்ற பெருமையைச் சூட்டினார்களோ, அந்த ஊரை முழுதாக அறிந்துகொள்வதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

இதற்கு அரசாணையோ கோடிக்கணக்கான நிதியோ தேவையில்லை. சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் பெயருக்கு, ஆண்டோடு கூடிய மிகப் பழைய சான்று ஒன்றையாவது தேடிப் படியெடுத்து ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். கோயில் கல்வெட்டு, இனாம் பதிவேடு, பாட்டன் காலத்துப் பத்திரம், எதுவானாலும் சரி. எழுத்துரு உள்ளபடி எழுதப்பட வேண்டும். திருத்தி எழுதக் கூடாது. ஆசிரியர்கள் இதை ஒரு பருவத்துக்கான பயிற்சியாக வைத்தாலே சில ஆண்டுகளில் மாவட்டத்துக்கு ஒரு தொகுதி உருவாகிவிடும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைப் பார்க்கலாம். முதல் பதிவாக அயோத்தியாப்பட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.